எனக்குச் சரியாத்தான் வருது

"எந்திரிளா" என்பதுதான் அக்கா வந்ததும் சொல்லும் முதல் வார்த்தை. என்ன கோளாறு, எப்போதிருந்து, யார் தொட்டது என்று எதையும் கேட்கமாட்டார். நம்முடைய நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் காலாலேயே மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, "ஒன் பாஸ்வேர்டப் போடு" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். போட்டாயிற்று என்று நாம் சொன்ன பிறகுதான் திரும்புவார்.

"இனிமே கொஞ்ச நேரத்துக்கு நான்தான் நீ. தள்ளி நில்லு."

தூத்துக்குடி துறைமுகச் சாலையில், கப்பலுக்குச் சரக்குப் பெட்டகங்கள் அனுப்பும் ஒரு கம்பெனியின் ஆவணப் பிரிவில் நான் அப்போது இருந்தேன். அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர், பிரிண்டர், நெட், கேமரா எல்லாவற்றுக்கும் சேர்த்து இருந்த ஒரே ஆள் அவர். எல்லாருக்கும் சிஸ்டம் அக்கா. வயதில் மூத்த மேனேஜரும் "சிஸ்டம் அக்காவக் கூப்பிடுங்கப்பா" என்றுதான் சொல்வார். ஆரம்பத்தில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைதான் சர்வர் ரூம். அங்கே ஏசி இரவும் பகலும் ஓடும். அந்தக் குளிருக்காகச் சேலைக்கு மேல் ஓர் ஆண்கள் ஸ்வெட்டர் போட்டிருப்பார். அவருடைய கணவர் ஒரு காலத்தில் வடக்கே வேலை பார்த்தபோது வாங்கியதாம். வெளியே வரும்போது அதைக் கழற்ற மறந்துவிடுவார். மண்டை பிளக்கும் வெயிலில் ஸ்வெட்டரோடு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போவார். "அக்கா ஊட்டிக்குக் கெளம்பிட்டாவ" என்பார் வாட்ச்மேன். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "அடச்சே" என்பார். ஆனாலும் கழற்றமாட்டார். அதற்கும் தெம்பு வேண்டுமே.

அவரைக் களைப்பில்லாமல் நான் பார்த்ததே இல்லை. ஏரல் பக்கம் ஆற்றுப்பாசன வயல்காரக் குடும்பத்தில் பிறந்து, பாலிடெக்னிக் படித்து, திருநெல்வேலி சாலையில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவர். சர்க்கரை நோய் முற்றிய மாமியாருக்குத் தனிச் சமையல், மகளுக்குக் கல்லூரிச் சாப்பாடு, பிறகு இரண்டு பேருந்து. அலுவலகத்துக்குள் நுழையும்போதே நாள் முடிந்துபோன முகமாக இருக்கும். எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் இருக்கும், நிலக்கரித் தூளும் இருக்கும். ஜன்னலோர மேசைகளின் கீபோர்டுகளில் இரண்டும் சேர்ந்து பசையாகப் படியும். யார் மேசையில் உட்கார்ந்தாலும் வேலையைத் தொடங்குமுன் அதை முந்தானையால் துடைப்பார். அதனால் அவருடைய சேலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் ஒரு சாம்பல் கறை உண்டு.

அவருக்குப் பிடிக்காத வாக்கியம் ஒன்று இருந்தது. "எனக்குச் சரியாத்தான் வருது."

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் திரையில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. எங்கள் கம்பெனியில் புரோகிராம் எழுதும் பிரபு என்ற பையன் பக்கத்து இருக்கையில் இருந்தான். கெட்டிக்காரன். உதவி கேட்டால் முகம் சுளிக்கமாட்டான். அவனிடம் காட்டினேன். தன் கணினியில் அதே ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, "எனக்குச் சரியாத்தான் வருதுக்கா" என்றான். ஏதோ நான்தான் பார்க்கத் தெரியாமல் பார்க்கிறேன் என்பது போல இருந்தது எனக்கு.

பின்னால் அக்கா நின்றிருந்தார்.

"ஏலே, அவ அதையா கேட்டா?"

பிரபு திரும்பினான்.

"அவளுக்கு வரலங்கா. ஒனக்கு வருதுங்க. ஒனக்கு வருதுங்கதும் நெசம், அவளுக்கு வரலங்கதும் நெசம். ரெண்டும் நெசம்னா நடுவுல எங்கயோ ஒண்ணு வித்தியாசமாக் கெடக்கு. அதத் தேடாம, எனக்கு வருது எனக்கு வருதுன்னா? எந்திரிளா."

என் பெயரில் நுழைந்து அரை நாள் தேடினார். என் கணக்கில் மட்டும் ஒரு எழுத்துரு ஏறாமல் இருந்தது. ஏற்றிவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் பிரிண்டரில் தாள் சிக்கிவிட்டது என்று யாரோ கூப்பிட, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அன்று முதல் நான் அவருடைய ஆள்.

ஆனால் அவரோடு இருப்பது சுலபம் என்று சொல்லமாட்டேன். இந்த "ரெண்டும் நெசம்" கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை. பேருந்தில் சில்லறைக்காக நடத்துநரும் பயணியும் கத்திக்கொண்டால், நாம் பயணிக்காக ஒரு வார்த்தை சொல்லுவோம். அக்கா, "அந்தக் கண்டக்டருக்கும் காலைலேர்ந்து நூறு ரூவா நோட்டாத்தான வந்துருக்கும்" என்பார். எனக்குச் சம்பள உயர்வு கிடைக்காத வருடம் அழுதபடி அவரிடம் போனேன். ஆறுதலாகத் தோளில் கை வைத்தார். வைத்த கையை எடுக்காமலே, "மேனேஜர் நெலமையில இருந்து பாத்தா..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்து போய்விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் அவருடைய வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கணவர் உப்பளத்தில் மேற்பார்வை வேலை பார்ப்பவர். வெயிலில் கறுத்துப் போன மனிதர். அவருடைய தம்பி பக்கத்து வீடு. தம்பி தன்னுடைய மினி லாரியை இவர்கள் வாசலை மறித்து நிறுத்திவிடுகிறார் என்பது அன்றைய பேச்சு. கணவர் சூடாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "அங்கிட்டு நிறுத்துனா டீசல் திருடுதானுவன்னு அவரும் சொல்லுதாருல்லா" என்றார்.

கணவர் சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்தினார்.

"நீ யாரு பக்கம்?"

"பக்கம் என்ன பக்கம். அவரு சொல்லுததும் நெசந்தான."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு மாதிரியே இல்லை. "இருவது வருசத்துக்கு மேல ஆச்சும்மா. இவகிட்ட ஒரு நாளு, 'ஆமா, ஒங்களுக்கு அநியாயம் பண்ணிட்டாங்க'ன்னு ஒரு வார்த்த வாங்கணும்னு பாக்கேன். நீங்களாவது வாங்கிக் குடுத்துட்டுப் போங்க."

மகள், "அம்மாவுக்குக் கோர்ட்டுல வேல குடுத்துருக்கணும்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எஸ்தர் விஷயம் அதற்குப் பிறகு நடந்தது.

சாத்தான்குளத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த பெண். முதல் வேலை. கப்பலில் ஏறும் பெட்டகங்களின் விவரத்தைத் துறைமுகத்துக்கு ஒரு ஃபைலாக அனுப்ப வேண்டும். எங்கள் பழைய மென்பொருள் அந்த ஃபைலை உருவாக்கித் தரும். கடைசி நேரத்தில் பெட்டகத்தைப் பூட்டும் சீலின் நம்பரோ எடையோ மாறினால், எழுத்துகளைத் திருத்தும் ஒரு சாதாரண எடிட்டரில் அதைத் திறந்து கையால் திருத்திச் சேமித்து அனுப்புவோம். இந்த வேலைக்கென்று ஒரே ஒரு கணினி. காலையில் முருகேசன் அண்ணாச்சி அதில் உட்காருவார். மதியத்துக்கு மேல் எஸ்தர். அவரவர் பெயரில் நுழைந்து வேலை பார்ப்பார்கள்.

அண்ணாச்சி திருத்திய ஃபைல்கள் போயின. எஸ்தர் திருத்தியவை திரும்பி வந்தன. எல்லாம் அல்ல, ஆனால் பெரும்பாலும். ஏன் என்று எதிர்ப்பக்கம் சொல்லாது. அமைப்பு தவறு என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்ப்பாள். எல்லாம் சரியாகவே இருக்கும். மறுபடி அனுப்புவாள். மறுபடி திரும்பும். ஒரு தடவை அப்படி இழுத்து, ஒரு வாடிக்கையாளரின் இறால் பெட்டகங்கள் கப்பலைத் தவறவிட்டன. அவர் மேனேஜரைப் போனில் கிழித்தார். மேனேஜர் எஸ்தருக்கு ஒரு மெயில் அனுப்பினார். கவனக்குறைவு, கடைசி எச்சரிக்கை என்று. நகல் எங்கள் எல்லாருக்கும்.

அதற்கு மேல் ஒரு சோதனையும் நடத்தினார். ஒரே ஃபைலின் இரண்டு பிரதிகள். முதலில் அண்ணாச்சி உட்கார்ந்து ஒரு எழுத்தை மாற்றிச் சேமித்து அனுப்பினார். போனது. பிறகு எஸ்தர் உட்கார்ந்து அதே எழுத்தை மாற்றி அனுப்பினாள். நாங்கள் பத்துப் பேர் சுற்றி நின்றோம். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது.

"மெஷின் ஒண்ணு. எடிட்டர் ஒண்ணு. ஃபைலும் ஒண்ணு" என்றார் மேனேஜர். "மாறுனது ஆளு மட்டும்தான். இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

எஸ்தர் தலையைத் தூக்கவில்லை. அவள் காது சிவந்திருந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது.

கும்பலுக்குப் பின்னாலிருந்து ஸ்வெட்டரோடு அக்கா சொன்னார். "ஆளு மாறும்போது அக்கவுண்ட்டும் மாறுதுல்லா சார். எடிட்டரு ஒண்ணுதான். ஆனா அவரு வச்ச செட்டிங்கு அவருக்கு, இவ வச்ச செட்டிங்கு இவளுக்கு. ஒரே வீட்டுல ஆளுக்கொரு பெட்டி இருக்குத மாதிரி."

"அப்ப அத மாத்தி விடுங்க."

"எத மாத்தணும்னு பாக்கணும்."

பிரபுதான் சுலபமான வழியைச் சொன்னான். எஸ்தர் கணக்கில் எடிட்டரின் செட்டிங் மொத்தத்தையும் அழித்துவிட்டால், புதிதாக வாங்கியது போல ஆகிவிடும். ஒரு நிமிட வேலை. எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான்.

அக்கா மாட்டேன் என்றார்.

"அழிச்சா சரியாயிரும். நாளைலேர்ந்து ஃபைலு போவும். ஏன் போகல, ஏன் போவுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. திட்டு வாங்குனதுக்கு அப்புறம் இந்தப் புள்ள ஒழுங்கா வேல பாக்கான்னுதான் எல்லாரும் பேசுவாங்க."

மேனேஜருக்குப் பொறுமை இல்லை. இருந்தாலும் அடுத்த கப்பல் வரைக்கும் அவகாசம் கொடுத்தார். அதுவரை எஸ்தரின் ஃபைல்களையும் அண்ணாச்சியே இருந்து சேமிக்கவேண்டும் என்று ஏற்பாடு. அண்ணாச்சி வீட்டுக்குப் போகமுடியாமல் முணுமுணுத்தார். எஸ்தர் வேலையே இல்லாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு வந்த இடத்தில் சும்மா உட்கார வைக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவள் முதுகைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளே அக்காவிடம் வந்தாள்.

"அக்கா, அழிச்சுருங்கக்கா. எனக்கு ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம். வேல நெலச்சா போதும்."

"வேல நெலைக்கும்ளா. பேரு?"

"பேர வச்சு நான் என்ன செய்யப் போறேன்."

அக்கா சாப்பாட்டை நிறுத்தினார். டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு அந்தக் கணினிக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

இரண்டு கணக்குகளின் செட்டிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அண்ணாச்சி எதையுமே மாற்றாதவர். அவர் பக்கம் ஏறக்குறைய காலி. எஸ்தர் பக்கம் வரி வரியாக நீண்டது. கறுப்புப் பின்னணி, எழுத்தின் அளவு, நிறம், என்னென்னவோ. ஒரு புதுப் பெண் இத்தனையையும் எப்படி வைத்தாள் என்று எனக்கு வியப்பாக இருந்தது. அக்காவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும், ஆனால் கேட்கவில்லை.

எஸ்தர் சேமித்த ஃபைல் மூல ஃபைலை விட அளவில் கொஞ்சம் சிறியதாக இருந்ததை முதலில் கவனித்தார். எழுத்து ஒன்றும் குறையவில்லை. ஆனால் ஏதோ குறைந்திருக்கிறது. பிறகு சோதனைக்கென்று ஒரு புதுக் கணக்கைத் தொடங்கினார். எஸ்தரின் செட்டிங்கில் பாதியை மட்டும் எடுத்து அதில் போட்டுப் பார்த்தார். ஃபைல் சுருங்கவில்லை. அதை எடுத்துவிட்டு மறுபாதியைப் போட்டார். சுருங்கியது. அந்த மறுபாதியில் பாதி. பிறகு அதில் பாதி. ஒவ்வொரு தடவையும் எடிட்டரை மூடித் திறக்கவேண்டும், ஃபைலைத் திருத்திச் சேமிக்கவேண்டும், அளவு பார்க்கவேண்டும். நடுவில் எடைமேடைக் கேமரா நின்றுபோனது. பிரிண்டர் மை தீர்ந்தது. மாமியாருக்கு மயக்கம் என்று போன் வந்து பாதி நாள் ஓடினார். திரும்பி வந்து விட்ட இடம் தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

அடுத்த கப்பலுக்கு முந்தைய நாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, "இந்தா கெடக்கு" என்றார். குரலில் சந்தோஷமே இல்லை. ஒரு வரியில் விரலை வைத்திருந்தார்.

வரிகளின் கடைசியில் தேவையில்லாமல் கிடக்கும் வெற்றிடங்களை, சேமிக்கும்போது நீக்கிவிடு என்பது அந்தச் செட்டிங். எங்கள் ஃபைலில் ஒவ்வொரு வரியும் ஒரே நீளம் இருந்தாக வேண்டும். பொருளின் பெயர் சின்னதாக இருந்தால் மீதி இடம் வெற்றிடத்தால் நிரப்பப்பட்டிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. எஸ்தர் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் எடிட்டர் அதைக் குப்பை என்று கூட்டித் தள்ளிவிட்டது. வரிகள் குட்டையாகின. எதிர்ப்பக்கம் ஏற்கவில்லை. கடைசிவரை எழுத்து நிறைந்த வரிகளே உள்ள ஃபைல் என்றால் மட்டும் தப்பிப் போயிருக்கிறது. அவள் எழுத்தெழுத்தாகத் தேடியது அத்தனையும் வீண். எழுத்தே இல்லாத இடத்தில்தான் பிழை இருந்தது.

அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்தார். "பசிக்கிளா" என்றார்.

அந்தச் செட்டிங் எப்படி வந்தது என்பதும் அன்றைக்கே தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளில் வெள்ளைத் திரையைப் பார்த்துக் கண் வலிக்கிறது என்று எஸ்தர் சொல்லியிருக்கிறாள். பிரபு இரக்கப்பட்டுத் தன்னுடைய செட்டிங் அத்தனையையும் அவள் கணக்கில் போட்டுக் கொடுத்திருக்கிறான். புரோகிராம் எழுதுகிறவனுக்கு வரிக் கடைசி வெற்றிடம் குப்பைதான். அவனுக்கு அது நல்ல பழக்கம்.

பிரபுவின் முகம் வெளுத்துவிட்டது. "கண்ணு வலிக்குன்னு சொன்னான்னுதான் நான்..."

"நல்லதுக்குத்தான செஞ்ச. யாரு இல்லன்னா" என்றார் அக்கா. அந்த ஒரு வரியை மட்டும் எஸ்தர் கணக்கிலிருந்து எடுத்தார். கறுப்புப் பின்னணியை அப்படியே விட்டார். எஸ்தர் திருத்தி அனுப்பிய ஃபைல் அன்று போனது.

மேனேஜர், "அப்பாடா" என்று தன் அறைக்குப் போனார். அக்கா பின்னாலேயே போனார்.

"சார், ஒரு மெயில் போடணும்."

"ஃபைலுதான் போவுதுல்லா. அப்புறம் என்ன?"

"திட்டுனது மெயில்ல, எல்லாருக்கும் போச்சு. இதுவும் மெயில்ல போவணும்."

அவர் பார்க்கலாம் என்றார். அக்கா மறுநாளும் போய் நின்றார், அதற்கு மறுநாளும். சண்டை போடவில்லை. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார், அவ்வளவுதான். "அந்த எறால்காரன் போன்ல என்ன பேச்சுப் பேசுனான்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று மேனேஜர் ஒரு நாள் கத்தினார். "தெரியும் சார். ஒங்கள அப்பிடிப் பேசிருக்கக் கூடாது" என்றார் அக்கா. அதன் பிறகுதான் மெயில் வந்தது. தொழில்நுட்பக் காரணத்தால் ஏற்பட்ட பிழை, ஊழியர் பொறுப்பல்ல என்று இரண்டே வரி. எஸ்தர் நின்றபடியே அதைப் படித்தாள். மறுபடி மறுபடி படித்தாள்.

அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. சில நாள் கழித்து கை கழுவுமிடத்தில் என்னிடம் சொன்னாள். "அக்கா என்னக் காப்பாத்துனாவ. இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா என் பக்கம் நிக்கல. பிரபுகிட்டயும் நீ நல்லதுக்குத்தான் செஞ்சங்காவ. சாருகிட்டயும் ஒங்களப் பேசிருக்கக் கூடாதுங்காவ. அத்தன பேரு முன்னாடி நான் நின்னேனேக்கா. யாராவது ஒருத்தர் மேல அவங்களுக்குக் கோவம் வந்துருக்க வேண்டாமா?"

இதை நான் அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. சொன்னேன். டீ டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அவ சொல்லுததும் நெசந்தான்" என்றார்.

அடுத்த வருடம் கம்ப்யூட்டர் வேலைகளையெல்லாம் சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்தே பார்த்துக்கொள்வார்களாம். அக்காவைப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் கொதித்துப் போய்ச் சர்வர் ரூமுக்கு ஓடினேன். அவர் ஒயர்களில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார், வருகிறவர்களுக்கு எது எதற்குப் போகிறது என்று தெரிய வேண்டுமாம்.

"அவங்களுக்கும் செலவு ஏறிட்டுல்லாளா. ஒரு ஆளு லீவு போட்டா ஆபீசே நிக்கி" என்றார்.

"ஒங்களுக்குன்னு ஒரு சொரணையே கெடையாதாக்கா?" என்று கத்தினேன். கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எதுவுமே இல்லை. அவ்வளவு அலுத்த கண்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு குனிந்து அடுத்த ஒயரை எடுத்தார்.

அவர் போன பிறகு ஏதாவது பழுதானால் ஒரு நம்பருக்குப் பேசுவோம். பாட்டு ஓடும். பிறகு ஒரு பையன் பணிவாகச் சொல்வான். "மேடம், எங்க சைடுல சரியாத்தான் வருது."

மகளின் கல்யாணப் பத்திரிகை வந்ததைத் தவிர மூன்று நான்கு வருடம் தொடர்பே இல்லை. போன வைகாசியில் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போகப் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயில். அக்கா ஏறினார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறாராம். மாமியார் போய்விட்டாராம். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அவளுடைய கல்யாணத்துக்கு என்னால் போகமுடியாமல் போயிருந்தது.

"வீட்டுலதான் இருக்கா. கூட்டிட்டு வந்துட்டேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். மருமகனைப் பற்றி அவரே சொன்னார்.

"அடிக்கல்லாம் இல்ல. பேச மாட்டானாம். மாசக்கணக்குல. அம்மா அப்பாகிட்ட, கூடப் பொறந்தவங்ககிட்ட, வாசல்ல பால்காரன்கிட்ட, எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசுவான். இவ உள்ள வந்தா வாய மூடிக்கிடுவான். நாங்க நாலு பேரு பேசப் போனோம். அவங்க வீட்டுல எல்லாரும் ஒக்காந்துருக்காங்க. 'எங்ககிட்டல்லாம் நல்லாத்தான பேசுதான், ஒங்க புள்ளைக்கு மட்டும் என்ன'ங்காங்க. அவன் அங்கனயே ஒக்காந்துருக்கான். மொகத்தப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. அவங்க பக்கத்துப் பெரியவரு ஒருத்தரு, 'தாயி, நீங்க நாலையும் யோசிச்சுப் பேசுத ஆளுன்னு கேள்விப்பட்டிருக்கோம், நீங்களே சொல்லுங்க'ன்னுட்டாரு."

பேருந்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. அக்கா முன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வாய் வரைக்கும் வந்துட்டுளா. 'தம்பி மனசுல என்ன இருக்குன்னும் கேப்போமே'ன்னு. கேக்கணும்லா? கேக்கதுதான மொற? திரும்பி அவளப் பாத்தேன். தலையக் குனிஞ்சு கால் வெரலப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்கா. நான் என்ன சொல்லப் போறேன்னு அவளுக்குத் தெரியும். சொன்னதும் தாங்கிக்கிடணும்னு தயாரா ஒக்காந்துருக்கா. சின்னப் புள்ளையிலேர்ந்து அப்பிடித்தான் ஒக்காந்துருக்காளா என்னமோ. நான் பாக்கவே இல்ல."

நான் அவர் கையைப் பிடித்தேன்.

"வா போவோம்னேன். துணிய எடுக்கவான்னு கேட்டா. ஒண்ணும் வேண்டாம், வான்னேன். அந்தப் பெரியவரு, 'என்னம்மா, பையன் பக்கத்தக் கேக்காம எந்திரிக்கீக'ன்னாரு. 'கேக்கணும்னா வேற யாராவது கேளுங்கய்யா, நான் இவளுக்கு அம்மா'ன்னு சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரவுக வாயத் தொறக்கல. வர வழியில வண்டிய நிறுத்தி எனக்கு டீ வாங்கிக் குடுத்தாவ. சூடா இருக்கு, பாத்துக் குடின்னாவ. அவ்வளவுதான் பேச்சு."

அக்கா மடியிலிருந்த பையை இழுத்து வைத்துக்கொண்டார்.

"அவன் பக்கம் என்ன இருந்துச்சுன்னு இன்னைய வரைக்கும் எனக்குத் தெரியாதுளா. நான் கேக்கவே இல்ல. ஏதாவது இருந்துருக்கும். இல்லாம இருக்காது."

"அது உறுத்துதாக்கா?"

"உறுத்தும். விடியக்காலம் முழிப்பு வந்துட்டா அதான் நெனப்பு."

புதுக்கோட்டை வருகிறது என்று நடத்துநர் குரல் கொடுத்தார். அக்கா எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"உறுத்துனா உறுத்திட்டுப் போவுது" என்றார்.

நிறுத்தத்தில் ஒரு வேப்பமர நிழலில் மகள் ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். தாயைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டே எதையோ வேகமாகச் சொல்ல ஆரம்பித்தாள். யார் மேலோ கோபம் போலிருந்தது. ஒரு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அக்கா குறுக்கே ஒன்றும் பேசவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல, "ஆமா, ஆமா" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.